உண்டியலும் கல்லறைச் சுவரும்

(தவக்காலத்தையொட்டி, கல்லறைச் சுவர்களை அகற்றக் கோரும் தலித் கிறிஸ்தவ இளைஞர்கள் கூட்டிய அரங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



'தியாகமும் கிறிஸ்தவ நம்பிக்கையும்' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தவக்காலத்தில் இந்தத் தலைப்பில் பேச ஆள் பஞ்சமே கிடையாது. என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. நான் ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். முப்பத்தோரு ஆண்டு ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பங்கில் எனக்குத் 'தர்மம் செய்கிற சார்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்தது, அதற்குள் என்ன இருந்தது என்பதைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்லப் போகிறேன். பாவசங்கீர்த்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாவசங்கீர்த்தனம் செய்தால் மன்னிப்பு கிடைத்துவிடும். நான் கேட்டு வந்தது மன்னிப்பு அல்ல.

முதலில் என் தர்மம் எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். என் மகனுக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்தது. பதினோரு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நேர்ச்சை வைத்தேன்: 'மாதாவே, இவன் பிழைத்தால் ஓர் ஏழைப் பிள்ளையைப் படிக்க வைக்கிறேன்.' பிழைத்தான். நானும் சொன்னபடி தெருவிலிருந்து ஒரு பையனைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் ஊரில் 'தெரு' என்றால் யாருடைய தெரு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அவனுக்குக் கட்டணம் கட்டினேன். பிறகு அது ஐந்து பிள்ளைகளானது. ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி, தவக்காலத்தில் உண்டியல் என்று வளர்ந்தது.

இதில் என்ன தவறு? தவறு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது பார்க்கிறபோது ஒன்று தெரிகிறது. அது கடவுளோடு நான் செய்துகொண்ட வியாபாரம். என் பிள்ளைக்கு ஈடாக இன்னொருவர் பிள்ளையை வைத்தேன். அந்தப் பையனுடைய தேவை என் கணக்கிலேயே இல்லை. அவன் ஏழையாக இருந்தது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது பெயர். ஞாயிறு பூசை முடிந்ததும் நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலை மைக்கில் வாசிப்பார்கள். உங்கள் பங்குகளிலும் வாசிப்பார்கள். என் பெயர் வரும்வரை நான் கோயிலைவிட்டு வெளியே போனதே இல்லை. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று இயேசு சொன்ன பகுதி, மத்தேயு ஆறாம் அதிகாரம், ஒவ்வோர் ஆண்டும் சாம்பல் புதன் அன்று வாசிக்கப்படுகிறது. நெற்றியில் சாம்பலோடு அதைக் கேட்பேன். அடுத்த ஞாயிறே மைக்கில் என் பெயர் கேட்டுக் குளிர்வேன். எனக்கு மட்டுமல்ல, வாசித்தவருக்கும் கேட்டவர்களுக்கும் இதில் முரண் தெரியவில்லை.

சரி, பெயருக்காகக் கொடுத்தால்தான் என்ன, பிள்ளை படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பசித்தவனுக்குச் சோறு போடுகிறவனின் மனதைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. கட்டணம் கட்டப்பட்டது, பையன் படித்தான், பட்டம் வாங்கினான். அது அவனுடைய உழைப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நோக்கம் முக்கியம்தான். ஏன் என்றால், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதுதான் எங்கே நிறுத்துவோம் என்பதை முடிவு செய்கிறது. கொடுக்கிறபோது நல்ல நோக்கமும் கெட்ட நோக்கமும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஓர் இடத்துக்கு மேல் போக மாட்டேன் என்று கை நிற்கிறது பாருங்கள், அங்கேதான் தெரியும். என் கை இரண்டு இடங்களில் நின்றது.

முதல் இடம் அந்தப் பையனின் வீடு. அவனுக்கு அப்பா அம்மா இல்லை, ஆயாதான் வளர்த்தார். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அந்த வீட்டுக்குப் போவேன். நான் போய் நின்றதும் ஆயா நாற்காலியைத் துடைத்துப் போடுவார். பையனைக் கடைக்கு விரட்டுவார். அவன் ஓடிப்போய் ஒரு பாட்டில் கலர் வாங்கிவந்து, மூடியைத் திறந்து என் கையில் கொடுப்பான். என்னைவிட முப்பது வயது மூத்தவர், 'குடிங்க சாமி' என்பார். நான் குடித்துவிட்டு வருவேன்.

ஏன் கலர்? அந்த வீட்டில் அடுப்பு இருந்தது, டீத்தூள் இருந்தது. நான் அவர்கள் வீட்டு டம்ளரில் குடிக்க மாட்டேன் என்று ஆயாவுக்குத் தெரியும். அதை நான் என்றுமே வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் அவர் தெரிந்து வைத்திருந்தார். என் கூச்சத்துக்கு அவர் காசு செலவழித்தார். நான் தானம் கொடுக்கப் போன வீட்டில், என் சாதிக்கு அவர் செலவு செய்தார். 'ஆயா, கலர் வேண்டாம், உங்க வீட்டு டீயே குடுங்க' என்று சொல்ல எனக்கு ஏழெட்டு ஆண்டுகளில் ஒருநாள்கூட வாய் வரவில்லை. கட்டணம் கட்ட முடிந்தது. ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடிக்க முடியவில்லை.

யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் கிணற்றடியில் இயேசு உட்கார்ந்திருக்கிறார். சமாரியப் பெண் ஒருவர் தண்ணீர் எடுக்க வருகிறார். யூதர்கள் சமாரியரோடு பாத்திரம் புழங்குவதில்லை. இயேசுவிடம் மொள்ளப் பாத்திரமும் இல்லை. அவர் செய்த முதல் காரியம், அந்தப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டது. கொடுப்பதற்கு முன்னால் கேட்டார். நிலைத்த வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றியெல்லாம் அதற்குப் பிறகுதான் பேசுகிறார். அந்தப் பெண்ணுக்கே ஆச்சரியம், நீர் யூதராயிற்றே, என்னிடமா கேட்கிறீர் என்று. இதை நூறு மறையுரைகளில் கேட்டிருக்கிறேன். எல்லாம் அந்தப் பெண்ணுடைய ஐந்து கணவர்களைப் பற்றிய மறையுரைகள். அந்தக் குடத்தைப் பற்றி ஒரு மறையுரைகூடக் கேட்டதில்லை.

சாதி கொடுப்பதைத் தடுப்பதில்லை, தோழர்களே. மேலிருந்து கீழே கொடுப்பதைச் சாதி தாராளமாக அனுமதிக்கும். அது சாதிக்கு அழகுகூட. சாதி தடுப்பது வாங்குவதை. அவர்கள் கையிலிருந்து தண்ணீர் வாங்குவதை, அவர்கள் வீட்டிலிருந்து பெண் வாங்குவதை, அவர்களிடமிருந்து சொல் வாங்குவதை. அதனால்தான் என் தர்மத்தால் ஊரில் எந்தச் சலசலப்பும் வரவில்லை. என் தம்பியும் பாராட்டினான், சொந்தக்காரர்களும் பாராட்டினார்கள்.

கை நின்ற இரண்டாவது இடம் கல்லறை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. மேட்டுப் பக்கம் எங்களுடையது. பள்ளப் பக்கம் தெருவுடையது. ஆயா இறந்தது கார்த்திகை மாதம், அடைமழை. பள்ளப் பக்கம் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. மேட்டுப் பக்கம் ஓர் இடம் தாருங்கள் என்று தெருக்காரர்கள் பங்குத்தந்தையிடம் கேட்டார்கள். பங்குப் பேரவை அவசரமாகக் கூடியது. நானும் உறுப்பினர். 'இன்னிக்கு ஒண்ணுன்னு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பான்' என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் தலையாட்டவில்லை. ஆனால் பேசவுமில்லை. அந்தக் கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது.

கூட்டம் முடிந்ததும் நான் நேராக வீட்டுக்குப் போய்ப் பத்தாயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். நல்ல பெட்டி வாங்கட்டும் என்று. அப்போது அந்தப் பையன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பணத்தை நீட்டினேன். அவன் கை நீட்டவில்லை. கோபமாகவும் பேசவில்லை.

'பெட்டிக்குக் காசு இருக்கு சார். குழியிலதான் தண்ணி நிக்குது. மேட்டுல ஆறடி கேட்டோம். நீங்களும் அந்தக் கூட்டத்துல இருந்தீங்களாமே?'

நான் பதில் சொல்லவில்லை. ஆயாவை அந்தத் தண்ணீருக்குள்தான் இறக்கினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

அந்தப் பத்தாயிரம் என்ன என்று பிறகுதான் யோசித்தேன். அது அனுதாபம் அல்ல. நான் பேசாமல் இருந்த இருபது நிமிடத்துக்கு நானே வைத்துக்கொண்ட விலை. இன்னும் பின்னால் போய்ப் பார்த்தால், கட்டிய கட்டணம், கொடுத்த நோட்டு, புதுத்துணி எல்லாவற்றிலும் இந்த விலை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருந்தது. சுவர் அப்படியே நிற்க, நான் நல்லவனாகவும் இருக்க வேண்டும். அதற்குத் தர்மம் தேவைப்பட்டது.

இது என் ஒருவன் கதையாக இருந்தால் உங்கள் நேரத்தை வீணடித்திருக்க மாட்டேன். தமிழகத் திருச்சபையின் கதையே இப்படித்தான் நடந்திருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, நாம் தத்துவபோதகர் என்று சொல்கிறவர், இறைச்சியை விட்டார், காவி உடுத்தினார், சந்நியாசியாக வாழ்ந்தார். தியாகம் என்று பார்த்தால் சாதாரணத் தியாகமல்ல. ஆனால் அந்தத் தியாகத்தோடு சேர்ந்தே வந்தது, ஒடுக்கப்பட்ட மக்களோடு புழங்காமல் விலகி வாழ்வது. அம்மக்களுக்குப் பணிசெய்யப் பண்டாரசாமிகள் என்று தனிப் பிரிவு பின்னால் உருவானது. நற்செய்தி ஒன்று, சாமியார் இரண்டு வகை. வடக்கன்குளத்தில் இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண, கால்சட்டை போல இரண்டு கைகளாகப் பிரித்துக் கோயிலே கட்டினார்கள். கோயில் கட்டக் கொடுத்தவர்களும் காணிக்கை என்று நினைத்துத்தானே கொடுத்திருப்பார்கள்?

அண்ணல் அம்பேத்கர் மதம் மாறிய தீண்டப்படாதவர்களின் நிலையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மிஷனரிகளின் கல்வி, மருத்துவப் பணிகளை அவர் மறுக்கவில்லை. அவற்றின் பலன் பெரும்பாலும் உயர்சாதியினருக்குப் போய்ச் சேர்ந்தது, கிறிஸ்தவரான தீண்டப்படாதவர்களுக்குத் தேவைப்பட்ட உரிமைப் பாதுகாப்பும் பொருளாதார உயர்வும் கிடைக்கவில்லை என்பதே அவர் வைத்த விமர்சனம். அவர் கேட்டது உரிமையை. கிடைத்தது சேவை. சேவை எவ்வளவு பெரிதானாலும் உரிமையின் இடத்தில் உட்கார முடியாது.

இங்கே சூசையின் வழக்கையும் நினைவுபடுத்த வேண்டும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். பிறப்பால் ஆதிதிராவிடர், மதத்தால் கிறிஸ்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே தொழில், அதே சாலை, ஆனால் கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை. காரணம் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதி என்பதை அது மதத்தோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கட்டு அவிழ்ந்தது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் அவிழவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அவிழ்க்கச் சொல்லியும் அவிழவில்லை.

சூசையின் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் என்ன? சாதி என்பது மதம் மாறிய பிறகும் தொடர்வதாக வைத்துக்கொண்டாலும், பழைய மதத்தில் இருந்த அதே கொடுமை புதிய மதத்திலும் அதே கடுமையோடு இருக்கிறது என்று காட்ட வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்பது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆதாரம் இல்லையாம்! எங்கள் ஊர்க் கல்லறையில் ஆள் உயரத்துக்கு நிற்கிறதே ஆதாரம்! தெருவில் இருக்கிறவர்கள் சொன்னால் சலுகைக்காகச் சொல்கிறார்கள் என்பார்கள். இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் சொல்ல வேண்டும். சுவரைக் கட்டியவர்கள், கட்டியதைக் காத்தவர்கள், அந்தப் பேரவைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சொல்ல வேண்டும். 'ஆமாம், எங்கள் சபையில் தீண்டாமை இருக்கிறது, நாங்கள்தான் அதைச் செய்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதை நாங்கள் எங்கள் ஊரில் ஒப்புக்கொள்ள மாட்டோம். கட்டணம் கட்டுவோம், சேலை கொடுப்போம், பெட்டி வாங்கிக் கொடுப்போம். சாட்சி மட்டும் சொல்ல மாட்டோம்.

இப்போது விவிலியத்துக்குத் திரும்புகிறேன். காணிக்கையைப் பீடத்துக்குக் கொண்டுவந்தவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் இருப்பது அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அதைச் சரிசெய்யச் சொன்னார் இயேசு. கவனியுங்கள், இவனுக்கு அவன்மேல் மனத்தாங்கல் அல்ல. அவனுக்கு இவன்மேல். தப்பு காணிக்கை கொண்டுவந்தவனுடையது. அதுவரை அந்தக் காணிக்கையைக் கடவுள் தொடுவதில்லை.

சக்கேயுவைப் பாருங்கள். வரி வசூலித்துச் சொத்துச் சேர்த்தவர். அவர் இரண்டு காரியம் சொல்கிறார். சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றார். அது தர்மம். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். அது கடன் தீர்ப்பது. நாங்கள் முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு தவக்கால உண்டியல் செய்தோம். இரண்டாவது வாக்கியத்தைத் தொடவே இல்லை. அந்த மேட்டு நிலம் யாருடையது? பங்கின் நிலம். பங்கு என்றால் தெருவும் சேர்ந்ததுதான். அவர்களுக்குச் சேர வேண்டிய இடத்தை வைத்துக்கொண்டு, அவர்களுக்கே பெட்டி வாங்கப் பணம் கொண்டுபோனவன் நான்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயா அடக்கத்துக்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் செத்தால் என்னைப் பள்ளப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று எழுதிவைத்தேன். எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்கே கண் கலங்கியது. அந்தத் தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான்.

'நீங்க செத்ததுக்கப்புறம் செய்யப்போறது எங்களுக்கு எதுக்கு சார்? உயிரோட இருக்கறப்ப அந்தக் கூட்டத்துல ஒரு வார்த்த பேசுங்க.'

பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில், உள்ளதையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்தாலும், உடலையே கையளித்தாலும், அன்பு இல்லாவிட்டால் பயனில்லை என்கிறார். உடலைக் கையளித்த பிறகும் அன்பில்லாமல் இருக்க முடியுமா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். முடியும். நான் என் பிணத்தையே கொடுக்கத் தயாராக இருந்தேன். ஒரு வார்த்தை கொடுக்கத் தயாராக இல்லை. அன்பு என்பது மனதுக்குள் ஊறுகிற இரக்கம் என்று நினைத்திருந்தேன். இரக்கம் என்னிடம் நிறையவே இருந்தது. சமமாக நிற்கச் சம்மதிப்பதுதான் அன்பு. அது இல்லாத இரக்கம் சாதிக்குத் தடவுகிற எண்ணெய்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் பேசினேன். சுவரை இடிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். வழிமொழிய ஆளில்லை. என் தம்பி இப்போது என் வீட்டுக்கு வருவதில்லை. 'பொண்ணு குடுத்து எடுக்கிற எடத்துல தல காட்ட முடியல' என்று சொல்லி அனுப்பினான். மைக்கில் என் பெயர் வாசிப்பதும் நின்றுவிட்டது. சில மாதங்கள் இதையும் நான் ரசித்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. நீதிக்காகத் துன்புறுகிறவன் என்று உள்ளுக்குள் ஒரு சுகம். பிறகு தெருவைப் பார்த்தேன். இதைப்போலப் பல மடங்கு அவமானத்தைப் பிறந்த நாளிலிருந்து சுமக்கிறவர்களுக்கு யாரும் தியாகி என்று பெயர் வைக்கவில்லையே.

2022 அக்டோபரில் மத்திய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. மதம் மாறிய தலித்துகளைப் பட்டியலில் சேர்ப்பது பற்றி ஆராய்வது அதன் வேலை. அந்த ஆணையத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பினேன். சுவரின் நீளம், உயரம், அன்றைய கூட்டத்தில் என்ன பேசப்பட்டது, பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. தியாகம் ஒன்றுமில்லை. நான்கு பக்கம் எழுதினேன், பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பது ஆண்டு தர்மத்தில் நான் செய்யாத ஒன்றை அந்த நான்கு பக்கத்தில் செய்தேன், அவ்வளவுதான்.

என் பக்கத்து ஆட்கள் யாராவது இந்த உரையைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தர்மத்தை நிறுத்தாதீர்கள். பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் அதை உங்கள் கணக்கில் புண்ணியம் என்று எழுதாதீர்கள், கடனில் கழியுங்கள். உங்கள் கை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். டம்ளரிலா, தேர்ப் பாதையிலா, கல்லறையிலா, கல்யாணத்திலா? நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்குங்கள். பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்களிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை. வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்றைக்கும் அந்தச் சுவர் அங்கேதான் நிற்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் மனு கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். மனுவில் என் கையெழுத்தை முதலில் வைக்காதீர்கள். தெருக்காரர்கள் எல்லாரும் போட்ட பிறகு கடைசியில் ஓர் இடம் இருந்தால் கொடுங்கள், போடுகிறேன்.